பேத்தி கேட்ட ஜாய்ஸ்டிக்

சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு சிறிய பட்ஜெட் விவாதம் நடந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டுக்கு ஒரு ஜாய்ஸ்டிக்கும் த்ராட்டிலும் வேண்டும் என்று மனுக் கொடுத்திருந்தாள். "இருப்பதிலேயே நல்லதாக வாங்கிவிடலாம் அப்பா, நாளைக்கு பைலட் ஆனாலும் ஆவாள்" என்றான் என் மகன். "அந்தப் பணத்தில் ஒரு வருஷம் பாட்டு டீச்சருக்குச் சம்பளம் கொடுக்கலாம்" என்றாள் அவள் பாட்டி. மருமகள் வாயே திறக்கவில்லை. கணக்குப் பரீட்சையின் விடைத்தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கடைசியில், வேலையில்லாதவன் என்ற ஒரே தகுதியில், விசாரித்து அறிக்கை தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மத்திய அரசில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு புரட்டியவனுக்கு அறிக்கை எழுதுவது புதிதல்ல. ஆனால் விமானம் புதிது. எங்கள் குடியிருப்பில் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் நாலு மாலை உட்கார்ந்து பாடம் கேட்டேன். நேரு ப்ளேஸில் ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினேன். இதே மனு உங்கள் வீட்டிலும் இன்று இல்லாவிட்டால் நாளை வரும் என்பதால், நான் வந்து சேர்ந்த முடிவை இங்கே எழுதுகிறேன். விளையாட்டுச் சாமான்தானே என்று மறுக்கவும் வேண்டாம். பைலட் வேலைக்கு முன்பணம் கட்டுவதுபோல் நினைத்துப் பெரிய செட்டாக வாங்கவும் வேண்டாம். எந்தக் கையிலும் பிடிக்கக்கூடிய ஒரு சாதாரண பிடியும், அதிலிருந்து பிரிந்து தனியாக நிற்கும் ஒரு த்ராட்டிலும் போதும். ஏன் தனியாக என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் 'விளையாட்டுச் சாமான்' என்ற ஆட்சேபணையைப் பார்ப்போம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில், பியானோவும் ஆர்கனும் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பவர், 1929-ல் தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் பெட்டி ஒன்றைச் செய்தார். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளைக் கொண்டே அந்தப் பெட்டியைச் சாய்த்து ஆட்டினார். நம் பஜனை ஹார்மோனியத்தின் துருத்திக்கு அது அண்ணன் முறை. விமானப் பள்ளிகள் அதை மதிக்கவில்லை. முதலில் வாங்கியவர்கள் பொருட்காட்சி, பூங்கா நடத்துகிறவர்கள். காசு போட்டால் ஆடும் குதிரைபோல அது இருந்தது. 1934-ல் அமெரிக்க ராணுவத்திடம் விமானத் தபால் வேலையை ஒப்படைத்தபோது, மேகத்திலும் இருட்டிலும் கருவிகளைப் பார்த்து ஓட்டத் தெரியாமல் விமானிகள் பலர் விபத்துகளில் இறந்தார்கள். அதற்குப் பிறகே ராணுவம் லிங்கின் பெட்டிகளில் ஆறு வாங்கியது. இரண்டாம் உலகப் போருக்குள் லட்சக்கணக்கான விமானிகள் அந்தப் 'பொம்மை'யில் பழகினார்கள். ஆக, பொம்மை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பொருளைத் தள்ளிவிட முடியாது.

அதற்காக உடனே கடைக்கு ஓடவும் வேண்டாம். ஃப்ளைட்கியர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் 2020, 2024-ம் வருஷத்து ஃப்ளைட் சிமுலேட்டர்கள் பார்க்க அற்புதமானவை; ஆனால் அவற்றுக்கு வலுவான கம்ப்யூட்டரும் நல்ல இன்டர்நெட்டும் தேவை. முதல் மாதம் ஃப்ளைட்கியரில் விசைப்பலகையையும் மவுஸையும் வைத்தே ஓட்டச் சொல்லுங்கள். விசைப்பலகையால் ஓட்டுவது, கரண்டியே இல்லாமல் கொதிக்கும் சாம்பாரைக் கிளறுவதுபோல எரிச்சலூட்டும். அந்த எரிச்சலையும் மீறி ஒரு மாதம் கழித்தும் குழந்தை கேட்டால், ஆசை உண்மையானது. எங்கள் வீட்டில் மாதம் முடிந்த அன்று காலையில் காப்பி வருவதற்கு முன்பே மனு மறுபடி வந்துவிட்டது.

இனி பிடி. விமானப்படை அன்பர் எனக்குச் சொன்ன முதல் பாடம் எளிமையானது. விட்டால் நடுவுக்குத் திரும்பி வருவது ஜாய்ஸ்டிக்; விட்ட இடத்திலேயே நிற்பது த்ராட்டில். முன்னதை இழுத்தால் விமானத்தின் மூக்கு எழும், தள்ளினால் தாழும், பக்கவாட்டில் சாய்த்தால் இறக்கை சாயும். பின்னது எஞ்சினின் சக்தியைக் கூட்டும், குறைக்கும். காரின் ஆக்ஸிலரேட்டர் போன்றதுதான். ஆனால் காலுக்குக் கீழே இல்லாமல் கைக்குள் இருக்கிறது. ஆகவே விமானம் ஓட்டுவது ஒரு கை வேலையல்ல, இரண்டு கை வேலை.

எந்தக் கையில் எது என்பதுதான் அடுத்த கேள்வி. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. போர் விமானத்தில் வலது கையில் ஸ்டிக், இடது கையில் த்ராட்டில். கடையில் அடுக்கியிருக்கும் செட்டுகளில் பெரும்பாலானவை இந்த முறைக்காக, வலது கை விரல்களுக்கு ஏற்ப வளைத்துச் செய்யப்பட்டவை. ஆனால் பயிற்சிப் பள்ளிகளில் சாதாரணமாகக் காணும் செஸ்னா 172-ல் மாணவர் இடப்பக்க இருக்கையில் உட்காருகிறார். அவருக்கு ஓட்டும் பிடி இடது கையில், த்ராட்டில் வலது கையில். நாம் ஊருக்குப் போய்வரும் ஏர்பஸ் ஏ320-லும் இடப்பக்கம் உட்காரும் கேப்டன், பக்கவாட்டில் இருக்கும் சிறிய பிடியை இடது கையால்தான் பிடிக்கிறார். வலது கை நடுவிலுள்ள த்ராட்டிலில் இருக்கும். பக்கத்தில் உள்ள துணை விமானிக்கு இது அப்படியே மாறும்.

இதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ ஒன்று தைத்தது. பேத்தி இடதுகைக்காரி. சின்ன வயதில் அவள் இடது கையில் பென்சில் பிடித்தபோது மாற்றி மாற்றி வலது கையில் திணித்தவன் நான்தான். மருமகள்தான் ஒரு நாள், "மாமா, அவள் கையை அவளிடமே விட்டுவிடுங்கள்" என்று சொல்லி நிறுத்தினாள். முதல் கடையில் பேத்தி ஒரு ஜாய்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தாள். கட்டை விரலுக்கான மேடு தவறான பக்கம் இருந்ததால் பிடிக்க முடியவில்லை. "இடது கைக்கு எதுவும் வராது அங்கிள், வலது கையில் பழக்கிவிடுங்கள்" என்று கடைப் பையன் இந்தியில் சொன்னான். நான் பத்து வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே வாக்கியம்!

வருகிறது, கேட்க வேண்டும், அவ்வளவுதான். த்ரஸ்ட்மாஸ்டர் நிறுவனத்தின் டி.16000எம் என்ற ஸ்டிக்கில் கை வைக்கும் பகுதிகளைக் கழற்றி இடது, வலது எந்தக் கைக்கும் மாற்றிக்கொள்ளலாம். அதே நிறுவனம் 2020-ல் கொண்டுவந்த ஏர்பஸ் மாதிரிப் பிடியும் அப்படியே. லாஜிடெக்கின் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ விலை குறைவு, பலகாலம் பேர் பெற்றது. ஆனால் வலது கைக்காக வார்த்தது. வலதுகைக் குழந்தைக்கும் இரு கைக்கும் பொருந்துவதையே சிபாரிசு செய்கிறேன். இன்று போர் விமானம் ஓட்டும் பையன் நாளைக்கு செஸ்னா ஓட்ட ஆசைப்படுவான். அப்போது கையை மாற்றினால் போதும், செட்டை மாற்ற வேண்டாம்.

ஸ்டியரிங் போல முன்னும் பின்னும் இழுத்துத் திருப்பும் 'யோக்' என்ற ஒன்றும் உண்டு. மாட்டு நுகத்தடிக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். செஸ்னாவிலும் போயிங்கிலும் இருப்பது அதுவே. ஆனால் விலை அதிகம், பாதி மேஜையை அடைத்துக்கொள்ளும். தில்லி ஃப்ளாட்டுகளில் அந்த மேஜையில்தான் வீட்டுப்பாடமும் எழுதியாக வேண்டும். ஸ்டிக்கை வைத்து எல்லா விமானத்தையும் ஓட்டலாம். காலால் மிதிக்கும் பெடல்களும் இப்போது வேண்டாம். பிடியையே இடமும் வலமும் முறுக்கினால் சுக்கான் திரும்பும்படி உள்ளதாகப் பார்த்து வாங்கினால், தரையில் ஓட்டவும் பக்கக் காற்றில் இறங்கவும் அது போதும்.

அடுத்து த்ராட்டில். விலை குறைந்த ஜாய்ஸ்டிக்குகளில் அடிப்பாகத்திலேயே விரலளவு ஒரு நெம்புகோல் இருக்கும்; அதைத் த்ராட்டில் என்பார்கள். இல்லாததற்கு அது மேல். ஆனால் அதன் நகர்வு மிகக் குறைவு. விமானத்தை இறக்கும்போது சக்தியை மயிரிழையாகக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கிறது. ஒரு அங்குலத்துக்குள் அதைச் செய்ய வராது. தனி த்ராட்டிலில் கை நன்றாக நகர இடம் இருக்கிறது. எவ்வளவு இறுக்கமாக நகர வேண்டும் என்பதைத் திருகி வைத்துக்கொள்ளும் வசதியும் சிலவற்றில் உண்டு.

சிறு விமானங்களில் பயிற்சியாளர்கள் பலர் ஒன்று சொல்லித்தருவார்களாம்: இறங்கும்போது வேகத்தை மூக்கால் பிடி, உயரத்தைத் த்ராட்டிலால் பிடி. விமானம் தாழ்ந்துபோகிறதே என்று பயந்து மூக்கை மட்டும் தூக்கினால், வேகம் குறைந்து இன்னும் தாழும். கேட்கச் சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் நடந்ததை வயதில் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 விமானம், எஞ்சின்கள் மிகக் குறைந்த சக்தியில் இருக்கும் நிலையிலேயே இறங்கி, வேகம் இழந்து, ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கோல்ஃப் மைதானத்தில் மோதியது. அதிலிருந்த 146 பேரில் 92 பேர் இறந்தனர். நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து உரிய நேரத்தில் த்ராட்டிலை முன்னே தள்ளவில்லை என்பதே விசாரணையின் முடிவு. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. த்ராட்டில் என்பது செட்டோடு இலவசமாக வரும் உபரிச் சாமான் அல்ல, பாதி விமானமே அதுதான் என்பதற்காகச் சொன்னேன். பேத்தியிடமும் இதைச் சொன்னேன். வழக்கமாகச் சத்தம் போட்டு விளையாடுகிறவள், அன்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

இனி ஏமாறாமல் வாங்கும் வழி. என் முதல் முயற்சியில் நானே ஏமாந்தேன். ஒரு கடையில், பெயர் வேண்டாம், பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்றார்கள். குறைந்தது. மூன்றாவது வாரத்தில் யாரும் தொடாமலே விமானம் இடப்பக்கம் சாயத் தொடங்கியது. திரும்பக் கொண்டுபோனால், பில் எங்கே என்று கேட்டார்கள்! ஊரெல்லாம் பில் கேட்டு வாங்குங்கள் என்று உபதேசித்த மத்திய அரசு ஊழியனுக்கு இது வேண்டியதுதான்.

அது ஏன் சாய்ந்தது? விலை குறைந்தவற்றில் பிடியின் அசைவை அளப்பது, பழைய ரேடியோவின் வால்யூம் திருகில் இருக்கும் அதே அமைப்பு. கார்பன் தடத்தின்மேல் ஒரு உலோக முள் உரசிக்கொண்டே போகும். தடம் தேய்ந்தாலோ தூசி படிந்தாலோ கணக்கு தப்பும். ரேடியோவில் கரகர என்று கேட்பது, இங்கே விமானத்தின் நடுக்கமாகத் தெரியும். மே, ஜூனில் தில்லியில் வீசும் ஆந்தியில் ஜன்னலைச் சாத்தினாலும் மேஜைமேல் மண் படிகிறது. இன்னொரு வகையில் ஒரு காந்தம் அசையும். ஒன்றையொன்று தொடாமலே உணர்கருவி அதை அளக்கும். 'ஹால்' உணர்கருவி என்று பெயர். உரசல் இல்லாததால் தேய்மானமும் இல்லை. வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். முறுக்குக்கும் அதே உணர்கருவிதானா என்று தனியாகக் கேளுங்கள். ஏனென்றால் சாய்வுக்குக் காந்தமும் முறுக்குக்குப் பழைய கார்பனும் வைத்த மாதிரிகள் உண்டு.

கடையிலேயே கம்ப்யூட்டரில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் என்ற பகுதியைத் திறந்தால் ஒரு கட்டத்துக்குள் சிறு குறி தெரியும். பிடியை மெதுவாக ஒரு வட்டம் சுற்றுங்கள். குறியும் தாவாமல் சுற்ற வேண்டும். கையை எடுங்கள்; குறி நடுவுக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். த்ராட்டிலை அடியிலிருந்து நுனிவரை நகர்த்துங்கள். பட்டை சீராக ஏற வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. பில்லையும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் விளையாடாத நேரத்தில் தம்பூராவுக்குப் போடுவதுபோல ஒரு துணி உறை போட்டு வையுங்கள். எக்ஸ்பாக்ஸ், ப்ளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள், அந்தப் பெட்டிக்கென்றே செய்ததுதானா என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டருக்கான ஸ்டிக்குகள் பல அவற்றில் வேலை செய்வதில்லை.

இப்போது என் மகனின் கட்சிக்கு வருகிறேன். "நாளைக்கு பைலட் ஆவாள்." ஆகட்டும், யார் வேண்டாம் என்றது? சென்னைக்காரரான உஷா சுந்தரம், கணவர் வி.சுந்தரத்துடன் 1950-களின் தொடக்கத்தில் ஒரு சிறிய டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார். அவருக்கு எந்த ஜாய்ஸ்டிக் செட்டை யார் வாங்கிக் கொடுத்தார்கள்? வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆயிரம் மணி நேரம் பறந்தாலும், வணிக விமானி உரிமத்துக்கு வேண்டிய 200 மணி நேரத்தில் ஒரு நிமிஷம்கூட அதிலிருந்து சேராது. கருவிகளையே வெறித்துப் பார்த்துப் பழகிய பிள்ளைகளை, ஜன்னலுக்கு வெளியே பார்க்க வைப்பதே பயிற்சியாளருக்கு முதல் வேலையாகிவிடுகிறது என்றும் அன்பர் சொன்னார். விலை உயர்ந்த செட் வாங்கினால் கனவு சீக்கிரம் பலிக்காது.

உண்மையிலேயே விமானி ஆசை இருந்தால் முதலில் செலவழிக்க வேண்டியது வேறோர் இடத்தில். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பையன் கம்ப்யூட்டரில் பிரமாதமாக ஓட்டுகிறான் என்ற பெருமையில், பயிற்சிப் பள்ளிக்கு லட்சக்கணக்கில் முன்பணம் கட்டினார்கள். பிறகுதான் மருத்துவப் பரிசோதனை. வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண்ணைப் படிக்கச் சொல்லும் சோதனையில் பையனுக்கு எண் தெரியவில்லை, நிறக்குறைபாடு. பதினெட்டு வருஷமாக வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. முன்பணம் முழுதாகத் திரும்பவில்லை. பணம் போனதைவிட, எல்லோருக்கும் சொல்லிவிட்டோமே என்ற அவமானம்தான் அந்தப் பையனைச் சுருட்டிப் போட்டது.

கண்ணாடி போட்டிருப்பது தடையல்ல. கண்ணாடியோடு தேவையான பார்வை இருந்தால் போதும். நிறப்பார்வை அப்படியல்ல. பயிற்சியைத் தொடங்க, டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்று வேண்டும். வணிக உரிமத்துக்கு முதல் வகுப்புச் சான்று. அந்தப் பரிசோதனை செய்யும் இடங்களில் ஒன்று நம் தில்லி சுப்ரதோ பார்க்கிலேயே இருக்கும் விமானப்படை மருத்துவ மையம். பணம் கட்டிய பிறகு பரிசோதனை என்ற வரிசையைத் தயவுசெய்து மாற்றுங்கள். நிறப்பார்வை மட்டுமாவது எந்தக் கண் மருத்துவரும் சில நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். பேத்திக்கு அதைப் பார்த்துவிட்டோம். அவள் விமானி ஆவாளா என்று தெரிந்துகொள்ள அல்ல. பின்னால் ஒரு நாள் அவள் உடைந்துபோகக் கூடாது என்பதற்காக.

அறிக்கையைச் சமர்ப்பித்தேன். இரு கைக்கும் பொருந்தும் ஸ்டிக் ஒன்று, தனி த்ராட்டில் ஒன்று. நடுத்தர விலை, பில் சகிதம். மகன் முதலில் சொன்ன செட்டின் விலையில் பாதிகூட ஆகவில்லை. பாட்டு டீச்சருக்கும் சம்பளம் மிஞ்சியது.

ஏன் தனி த்ராட்டில் என்பதற்கு இன்னொரு காரணத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஸ்டிக்கும் த்ராட்டிலும் ஒன்றாக ஒட்டியிருந்தால் ஒருவர்தான் உட்காரலாம். தனித்தனியாக இருந்தால் இரண்டு பேர். வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை பேத்தி ஸ்டிக்கை இடது கையில் பிடித்துக்கொண்டு, "தாத்தா, த்ராட்டில் உங்களுக்கு" என்றாள்.

தில்லியிலிருந்து சென்னைக்குச் சிறிய செஸ்னாவில் கிளம்பினோம். நேர்வழியில் அல்ல, ஜி.டி. எக்ஸ்பிரஸ் போகும் பாதையைப் பிடித்துக்கொண்டு. அந்த விமானம் ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் போகாது. போபால், நாக்பூர், விஜயவாடா என்று இறங்கி எண்ணெய் போட்டுக்கொள்ள வேண்டும். நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. சம்பல், நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா என்று ஒவ்வொரு ஆறாகக் கீழே வந்தது. ரயில் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நான் நாற்பது வருஷம் பார்த்த ஆறுகள். தில்லியிலேயே பிறந்து, இரண்டே முக்கால் மணி நேரத்தில் சென்னைக்குப் பறந்தே பழகிய குழந்தைக்கு, நடுவில் இவ்வளவு ஊர் இருப்பது அன்றுதான் தெரிந்தது. இட்டார்சியில் என்ன கிடைக்கும், பல்லார்ஷாவில் எத்தனை மணிக்கு வெளிச்சம் வரும் என்றெல்லாம் நான் சொல்லச் சொல்ல, இந்தியில் மட்டுமே சண்டை போடும் பேத்தி தமிழில் கேள்வி கேட்டாள்.

மீனம்பாக்கத்தில் இறங்கும்போது உயரம் போதவில்லை. "தாத்தா, த்ராட்டில்!" என்று கத்தினாள். தள்ளினேன். கொஞ்சம் தாமதமாகத்தான். ஓடுபாதையில் இரண்டு முறை குதித்து ஒருவழியாக நின்றோம். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த பாட்டி, "ஊர் வந்தாச்சா?" என்று கேட்டாள்.

ஆகவே அன்பர்களே, வாங்குவதென்றால் தனித்தனியாக வாங்குங்கள். ஒன்றைக் குழந்தையிடம் கொடுங்கள். இன்னொன்றின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு நீங்கள் உட்காருங்கள்.